வெளியிட்டால் மட்டும் போதுமா? தேடுபொறிகளின் அட்டவணையும் எமது மொழியும்

2001 செப்டெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட செய்தி பரவியதும் உலகெங்கும் பெருந்தொகையானோர் கூகுள் தேடுபொறியை நாடினர். ஆனால், அன்று அவர்களுக்குக் கிடைத்தவை தாக்குதலைப் பற்றி எதுவும் அறியாத பழைய பக்கங்களேயாகும். இணையப் பக்கங்களை அந்நிறுவனம் பதிந்து வைத்திருந்த அட்டவணை ஏறத்தாழ ஒரு மாத காலம் பழையதாக இருந்ததே அதற்குக் காரணம். செய்தியை அறிய விரும்புவோர் வானொலியையும் தொலைக்காட்சியையும் நாடுமாறு தனது முகப்புப் பக்கத்திலேயே அறிவித்தல் இட வேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது. அந்த அனுபவத்தின் விளைவாகவே அங்கு பணிபுரிந்த கிருஷ்ண பரத் என்பவர் செய்திகளை உடனுக்குடன் திரட்டும் முறையொன்றை உருவாக்கினார். அது 2002 செப்டெம்பரில் கூகுள் நியூஸ் என்னும் பெயரில் அறிமுகமானது.

இச்சம்பவம் உணர்த்தும் உண்மை இன்றும் மாறவில்லை. ஒரு தகவலை இணையத்தில் ஏற்றுவது வேறு. அது மக்களின் கைகளுக்குச் சென்றடைவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே தேடுபொறியின் அட்டவணை என்னும் வாயில் இருக்கின்றது. அவ்வாயிலைக் கடக்காத பக்கம், பெரும்பாலான வாசகர்களைப் பொறுத்தவரை எழுதப்படாத பக்கத்துக்கு ஒப்பானதாகும். அந்த வாயிலின் திறவுகோல் யாரிடம் இருக்கின்றது, எமது மொழியில் எழுதப்படுபவை அதனைக் கடக்கின்றனவா என்ற கேள்விகளைத் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியவையாக ஒதுக்கிவிட முடியாது.

தேடுபொறி ஒன்றில் நாம் ஒரு சொல்லை இடும்போது அது அக்கணமே உலக இணையம் முழுவதையும் தேடிப் பார்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தேடுவது தான் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் அட்டவணையில் மட்டுமேயாகும். நூலொன்றின் இறுதியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைக் காட்டும் அகராதி வரிசை அட்டவணையை இதற்கு ஒப்பிடலாம். தானியங்கி மென்பொருள்கள் இணைப்புக்கு இணைப்பாகப் பக்கங்களுக்குச் சென்று, அவற்றின் உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்து வருகின்றன. அப்பிரதிகளில் எவை அட்டவணையில் சேர்க்கப்பட வேண்டும் என்பதை நிறுவனத்தின் கணினிகள் தீர்மானிக்கின்றன. பெரும் செய்தி நிறுவனங்களின் பக்கங்களை இந்த மென்பொருள்கள் நிமிடங்களுக்குள் வந்து பார்க்கின்றன. சிறு தளங்களோ நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியுள்ளது.

ஆரம்பத்தில் இந்த ஏற்பாடு வேறு விதமாக இருந்தது. 1993 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்டெய்ன் கொஸ்டர் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய அலிவெப் என்னும் தேடுதளத்தில், தள உரிமையாளர்களே தமது பக்கங்கள் பற்றிய விபரங்களை எழுதி அறிவித்தனர். தானியங்கி மென்பொருள்கள் எங்கெங்கு செல்லலாம், எங்கெங்கு செல்லக்கூடாது என்பதைத் தள உரிமையாளர் அறிவிக்கும் நடைமுறையை 1994 இல் முன்மொழிந்தவரும் இவரேயாவார். இணையம் பெருகியதும் உரிமையாளர் அறிவிப்பை நம்பியிருக்க முடியாத நிலை தோன்றி, மென்பொருள்களே தேடிச் சேகரிக்கும் முறை மேலோங்கியது. 2005 இல் கூகுள் ‘தளவரைபடம்’ என்னும் முறையைக் கொண்டுவந்தது. தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளையும் ஒவ்வொன்றும் இறுதியாக மாற்றப்பட்ட திகதியையும் ஒரே கோப்பில் தரும் இம்முறையை 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசொப்ட்டும் ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம்.

2010 இல் கூகுள் தனது அட்டவணை முறையையே மாற்றியமைத்தது. பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டு வந்த அட்டவணை, இடைவிடாது புதுப்பிக்கப்படும் ஒன்றாக ஆனது. 2021 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட்டும் ரஷ்யாவின் யண்டெக்ஸ் நிறுவனமும் ‘இண்டெக்ஸ்நவ்’ என்னும் முறையை அறிவித்தன. புதிய பக்கம் ஏற்றப்பட்டதும் தளமே தேடுபொறிக்கு உடனடியாக அறிவிப்பதே இதன் நோக்கமாகும். ஆனால் தேடல் சந்தையின் மிகப் பெரும் பகுதியைக் கையில் வைத்திருக்கும் கூகுள் இதில் இணைந்துகொள்ளவில்லை. மாறாக, தளவரைபடம் புதுப்பிக்கப்பட்டதை அறிவிப்பதற்கு அது வைத்திருந்த எளிய வழியும் 2023 இல் நிறுத்தப்பட்டது. அவ்வழியாக வந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை பயனற்றவை என்பதே கூறப்பட்ட காரணமாகும்.

அறிவிப்பதற்கு வழி இருப்பினும் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விதிகள் அனைத்தையும் பின்பற்றிய பக்கத்தையும் அட்டவணையில் சேர்ப்பதாகத் தான் உறுதியளிக்கவில்லை என கூகுள் தனது வழிகாட்டலிலேயே தெளிவாகக் கூறுகின்றது. பணம் பெற்றுக்கொண்டு பக்கங்களை முன்னுரிமையோடு சேர்ப்பதில்லை என்றும் அது கூறுகின்றது. தள நிர்வாகிகளுக்கென அந்நிறுவனம் வழங்கும் சேவையில், ‘பக்கம் கண்டறியப்பட்டது, ஆனால் தற்போது அட்டவணையில் இல்லை’ என்ற வாசகத்தைக் கண்டு மனம் சோர்ந்தவர்கள் பலர். ஏன் இல்லை, எப்போது சேரும் என்பதற்கு அங்கு தெளிவான விளக்கம் கிடைப்பதில்லை. மேன்முறையீட்டுக்கும் இடமில்லை.

இதில் நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் கூற வேண்டும். அமெரிக்க நீதிமன்றில் 2023 இல் நடைபெற்ற விசாரணையின் போது, 2020 அளவில் கூகுளின் அட்டவணையில் ஏறத்தாழ 40,000 கோடி ஆவணங்கள் இருந்ததாகச் சாட்சியமளிக்கப்பட்டது. அதனினும் பல மடங்கு பக்கங்கள் வெளியே இருக்கின்றன. அவற்றில் போலிகளும் பிரதிகளும் இயந்திரத்தால் எழுதித் தள்ளப்பட்டவையும் ஏராளம். எனவே தெரிவு தவிர்க்க முடியாதது. அத்தெரிவை ஏறத்தாழ ஒரே நிறுவனம் செய்வதும், அதன் அளவுகோல்கள் பொதுமக்களின் பார்வைக்கு அப்பால் இருப்பதுமே எமது கவலைக்குக் காரணமாகும்.

இக்கவலை ஆதாரமற்றதல்ல. 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி வாஷிங்டன் மாவட்ட நீதிமன்ற நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணி வந்துள்ளது எனத் தீர்ப்பளித்தார். அமெரிக்காவின் தேடல்களில் சுமார் 90 வீதம் அந்நிறுவனத்தின் ஊடாகவே நடைபெறுவதும், கைத்தொலைபேசிகளிலும் உலாவிகளிலும் தன்னையே முதல் தெரிவாக வைத்திருப்பதற்கு 2021 இல் மட்டும் 2,600 கோடி டொலருக்கும் அதிகமாக அது செலுத்தியதும் வழக்கில் வெளிவந்தன. 2025 செப்டெம்பரில் நிவாரணம் பற்றிய தீர்ப்பை வழங்கிய அதே நீதிபதி, நிறுவனத்தைப் பிரிக்க உத்தரவிடவில்லை. ஆயினும் தனது அட்டவணைத் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதிபெற்ற போட்டி நிறுவனங்களுக்கு வழங்க வேண்டும் எனப் பணித்தார். ஆதிக்கத்தின் வேர்களில் ஒன்று அட்டவணையிலேயே இருக்கின்றது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டமை கவனத்திற்குரியதாகும்.

அட்டவணையிலிருந்து நீக்கப்படுவதன் பொருள் என்ன என்பதை ஐரோப்பியப் பத்திரிகைகள் அனுபவத்தில் கண்டுள்ளன. தமது செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பத்திரிகைகள் 2006 இல் கூகுளுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்து வெற்றி பெற்றன. மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு உறுதி செய்யப்பட்ட பின்னர், 2011 ஜூலையில் அப்பத்திரிகைகள் கூகுளின் செய்திச் சேவையிலிருந்து மட்டுமன்றி, பொதுத் தேடலிலிருந்தும் மறைந்தன. வழக்கில் வென்றவர்கள் சில நாட்களில் தாமாகவே இணங்கி மீண்டும் உள்ளே வந்தனர். 2014 இல் ஜேர்மனியின் அக்செல் ஸ்பிரிங்கர் நிறுவனம் தனது செய்திகளின் சுருக்கங்களைத் தேடல் முடிவுகளில் காட்டுவதற்கு அனுமதி மறுத்தது. இரண்டே வாரங்களில் கூகுள் தேடலில் இருந்து வரும் வாசகர் தொகை சுமார் 40 வீதத்தாலும் கூகுள் நியூஸ் வழியாக வருவோர் தொகை சுமார் 80 வீதத்தாலும் வீழ்ச்சியடைந்ததாகக் கூறி அந்நிறுவனம் பணிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றின் கதியே இதுவாயின், சிறிய மொழியொன்றின் சிறிய பத்திரிகையின் நிலையைக் கூறத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவின் வருகை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. பக்கத்தைப் பிரதி எடுக்க அனுமதித்தால் வாசகரை அனுப்பி வைப்போம் என்பதே தேடுபொறிக்கும் வெளியீட்டாளருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கையாக இருந்து வந்தது. 2024 மே மாதம் முதல் கூகுள் தேடல் முடிவுகளின் உச்சியில் இயந்திரம் தொகுத்த விடை காட்டப்படத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிடுமாயின் மூலப் பக்கத்துக்குச் செல்வோர் குறைவர். வெளியீட்டாளர் பக்கங்கள் இவ்விதம் பயன்படுத்தப்படுவது குறித்து ஐரோப்பிய ஆணைக்குழு 2025 டிசெம்பரில் விசாரணையொன்றை ஆரம்பித்தது. வாசகர் வருகை குறைவது ஒரு பாதிப்பு. அட்டவணையில் இல்லாத சமூகத்தின் கூற்று அந்தத் தொகுப்பு விடையிலும் இடம்பெறாது போவது அதனினும் பாரதூரமானது.

எமது மொழியின் நிலை

பிறரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிட முடியாது. தமிழ்ப் பக்கங்கள் தேடலில் அகப்படாமல் போனமைக்கு எமது செயல்களும் காரணமாக இருந்துள்ளன. 2000 களில் இலங்கைத் தமிழ்த் தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தன. பார்ப்பவரின் கண்ணுக்குத் திரையில் தமிழ் தெரிந்தது. கணினியின் நினைவகத்திலோ ஆங்கில எழுத்துகளே இருந்தன. பாமினியில் ‘அம்மா’ என்னும் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளின் தொடராகவே பதிவானது. தேடுபொறியின் மென்பொருள் அப்பக்கத்துக்கு வந்தாலும் அங்கு தமிழ் இருப்பதை அதனால் அறிய முடியவில்லை. அட்டவணையில் பொருளற்ற எழுத்துக் கோர்வையே ஏறியது. ஒருங்குறி முறை பரவிய பின்னர் புதிய செய்திகள் திருந்தின. பழையவற்றை மாற்றியமைத்தோர் சிலரே.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். 2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கை, 2004 டிசெம்பரின் ஆழிப்பேரலை, 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி ஆண்டுகள் ஆகியன இந்த எழுத்துருக் காலத்துக்கு உரியவை. அவ்வாண்டுகளில் களத்திலிருந்து தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும் பகுதி இவ்வாறு தேடலுக்கு எட்டாததாகிவிட்டது. அதே நிகழ்வுகள் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை தேடுவோருக்குக் கிடைக்கின்றன. எமது வரலாற்றின் மிகத் துயரமான காலத்தை எதிர்காலத்து மாணவர் தேடும்போது, அதனை அனுபவித்தவர்களின் மொழியில் அது அகப்படாமல் போவது சாதாரண குறைபாடாகாது.

ஒளிப்படமாக ஏற்றப்படும் பக்கங்களுக்கும் இதே கதிதான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் வலியை அறிந்த சமூகம், 2005 இல் ஆரம்பித்த நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டத்தின் மூலம் ஈழத்துப் பதிப்புகளைப் பேணும் அரும்பணியில் ஈடுபட்டது. ஆனால் 1841 இல் தொடங்கிய உதயதாரகையோ 1882 இல் சித்திலெவ்வை கண்டியில் தொடங்கிய முஸ்லிம் நேசனோ ஒளிப்படமாக மட்டும் ஏற்றப்படுமாயின், அவற்றின் உள்ளே இருக்கும் பெயர்களும் ஊர்களும் செய்திகளும் அட்டவணையில் ஏறுவது அரிது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களின் நிலை இன்னும் கடினமானது. அவற்றைத் தமிழ் எழுத்துக்குப் பெயர்த்து உள்ளடக்கக் குறிப்புகளையாவது இணைக்க வேண்டியது அவசியமாகும். பேணுதல் முதற்படி. தேடினால் கிடைக்கச் செய்தல் அடுத்த படி.

புதுப்பித்தலும் பொறுப்பும்

புதிய பக்கத்தைச் சேர்ப்பதிலும் பார்க்க, மாற்றப்பட்ட பக்கத்தின் மாற்றத்தை உரிய நேரத்தில் அட்டவணைக்குக் கொண்டுசெல்வதே மக்களின் வாழ்வோடு கூடுதலாகத் தொடர்புடையது. கொவிட் தொற்றினால் உயிரிழந்தோரின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் என 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி முஸ்லிம் மக்களைப் பெரும் வேதனைக்குள்ளாக்கியது. 2021 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி அடக்கம் செய்ய அனுமதியளித்தது. தந்தையை இழந்த ஒரு குடும்பம் அவ்வேளையில் விதியைத் தேடியிருந்தால், பழையது முன்னே வருவதற்கும் புதியது முன்னே வருவதற்கும் இடையிலான வேறுபாடு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பரில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட டித்வா சூறாவளி போன்ற அனர்த்தங்களின் போதும் இதுவே நிலையாகும். மணிக்கு மணி மாறும் வெள்ள எச்சரிக்கையில் நேற்றையது இன்றையதைப் போலத் தோன்றுவது உயிராபத்தானது.

தமிழ் அரசகரும மொழிகளில் ஒன்று என்பது அரசியலமைப்பில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்டால் தகவல் தருவதோடு நில்லாமல் அரச நிறுவனங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்றும் எதிர்பார்க்கின்றது. தமிழ்ப் பக்கம் தனி முகவரியுடன், எழுத்தாக, திகதியிடப்பட்டு, சிங்களப் பக்கம் மாற்றப்படும் அதே வேளையில் மாற்றப்பட்டாலேயே அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும். கையொப்பமிட்ட சுற்றறிக்கையை ஒளிப்படமாக ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது எனக் கருதுவது சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றாது.

பத்திரிகைகளுக்கும் இதில் பாரிய பொறுப்புண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகிப் பல ஆண்டுகள் தடுப்பிலிருந்து பின்னர் விடுதலையான தமிழர்கள் உள்ளனர். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்துக் கைதான முஸ்லிம்கள் பலரும் பின்னர் விடுவிக்கப்பட்டனர். கைதான செய்தி முதற்பக்கத்தில் வருவது வழமை. விடுதலையான செய்தி உட்பக்கத்தின் மூலையில் வரும், அல்லது வராமலே போகும். அச்சுப் பத்திரிகை மறுநாள் பழையதாகிவிடும். இணையத்தில் அப்படியல்ல. தொழில் தேடும் இளைஞனின் பெயரை இட்டுப் பார்க்கும் முதலாளிக்குக் கைதுச் செய்தியே காட்சி தரும்.

இத்தகைய முறைப்பாடொன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மே 13ஆம் திகதி முக்கிய தீர்ப்பொன்றை வழங்கியது. தீர்க்கப்பட்டுவிட்ட தனது கடன் தொடர்பாக 1998 இல் ஸ்பானியப் பத்திரிகையொன்றில் வந்த ஏல அறிவித்தல், தனது பெயரைத் தேடும் போதெல்லாம் தோன்றுவதாக ஒருவர் முறையிட்டிருந்தார். காலங்கடந்து பொருத்தமற்றுப்போன தகவலுக்கான இணைப்பைப் பெயர்த் தேடலில் இருந்து நீக்குமாறு கோரும் உரிமை உண்டென நீதிமன்றம் தீர்மானித்தது. பத்திரிகையின் பக்கம் அப்படியே இருக்கலாம் என்றும் கொள்ளப்பட்டது. நீக்குவதை விடத் திருத்துவதே இதழியலுக்கு உகந்த வழி என்பது எமது கருத்தாகும். கைதுச் செய்தியிருந்த அதே பக்கத்தின் தலையில் விடுதலைத் தகவலையும் திகதியையும் சேர்த்து, அம்மாற்றத்தைத் தளவரைபடத்தில் காட்டினால் தேடுபொறிக்கும் அது சென்றடைய வழி பிறக்கும். தனியாக ஒரு புதிய செய்தியை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடுவது, தவறான படிமத்தை நிலைபெறச் செய்வதாகும்.

செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளை அழித்துவிடாமல் புதியவற்றுக்கு வழி காட்டுமாறு அமைக்கலாம். மாற்றத் திகதியை நேர்மையாகக் குறிப்பிடலாம். எதுவும் மாறாத பக்கத்துக்குத் தினமும் புதிய திகதியிடும் தளங்களின் திகதியைத் தேடுபொறி நம்பாது விட்டுவிடும். செய்தியின் மூலத்துக்கும் சக தமிழ்த் தளங்களுக்கும் இணைப்புக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். இணைப்புகளின் வழியாகவே மென்பொருள்கள் புதிய பக்கங்களைக் கண்டறிகின்றன என்பதால், ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுக்காத தளங்கள் தீவுகளாகவே எஞ்சும். பாமினியில் உறங்கும் பழைய செய்திகளை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்திரிகை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இணைந்தால் இப்பணியை முடிக்க முடியும். அப்பக்கங்களை வைத்திருக்கும் கணினிகள் பழுதடைவதற்கு முன் அது நடைபெற வேண்டும்.

மறுபுறத்தில், அட்டவணையைப் பொதுச் சொத்தாகக் கருதும் முயற்சிகளையும் நாம் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 14 நிறுவனங்கள் 2022 செப்டெம்பரில் ஆரம்பித்த திட்டமொன்று, எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த இணைய அட்டவணையை உருவாக்க முற்பட்டது. தமிழைப் பேசும் மக்கள் வாழும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இணைந்து தமிழ்ப் பக்கங்களுக்கென அத்தகைய திறந்த அட்டவணையொன்றை அமைப்பது எட்டாக்கனியல்ல. உலக இணையத்தோடு ஒப்பிடுகையில் தமிழ் இணையம் சிறியது என்பதே இதற்கு வாய்ப்பான அம்சமாகும்.

தனியார் நிறுவனம் ஒன்றின் விருப்பத்திலேயே பொது அறிவின் வாயில் திறப்பதும் மூடுவதும் தங்கியிருக்கும் நிலை தொடரக்கூடாது. எப்பக்கம் ஏன் சேர்க்கப்படவில்லை என்பதைத் தெளிவாகக் கூறும் கடப்பாடு அந்நிறுவனங்களுக்கு விதிக்கப்பட வேண்டும் என்று கோருவதற்கு எமக்கு உரிமை உண்டு. அதேவேளை, வாயில் வரை வந்து சேரும் விதத்தில் எமது எழுத்தை ஆயத்தப்படுத்தும் பணியை வேறெவரும் எமக்காகச் செய்து தரப்போவதில்லை. அரச நிறுவனங்களும் ஊடகங்களும் இதனைத் தமது அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என வலியுறுத்த விரும்புகின்றோம்.